லிஸ்ட்-ஸ்டைல் ‘நன்’: ஒரு மறுப்பு

வலைப்பக்கத்தில் ஓஎல் குறிச்சொல்லுக்குள் எல்ஐ உருப்படிகளை அடுக்கினால், ஒவ்வொன்றின் முன்னும் 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தருவது உலாவியின் வேலை. அந்த எண்ணுக்கு வேறு நிறமோ வேறு எழுத்துருவோ வேண்டும் என்றதும் பயிற்சிப் பாடங்கள் பலவும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. லிஸ்ட்-ஸ்டைல் பண்புக்கு ‘நன்’ என்ற மதிப்பைக் கொடுத்து உலாவியின் எண்ணை நீக்க வேண்டும். பிறகு சொந்தமாக ஒரு கவுன்ட்டரைத் தொடங்கி, ‘பிஃபோர்’ என்ற போலி உறுப்பில் புதிய எண்ணை எழுத வேண்டும். இந்த வழக்கம் மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. பட்டியலின் எண் வெறும் தோற்றம், உள்ளடக்கத்தில் அதற்கு இடமில்லை என்பது முதலாவது. உலாவி தரும் எண்ணுக்கு ஒப்பனை செய்ய முடியாது என்பது இரண்டாவது. சொந்தக் கவுன்ட்டர் அதே வேலையைக் குறைவின்றிச் செய்யும் என்பது மூன்றாவது. முதலாவது பிழை. இரண்டாவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. மூன்றாவது எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை.

எண் வெறும் தோற்றம் என்ற எண்ணம் கற்றுக்குட்டிகள் கிளப்பிவிட்டதல்ல. தரநிலையே ஒருமுறை அப்படிச் சொன்னது. 1997இல் வந்த எச்டிஎம்எல் 4.0, பட்டியலை எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்று சொல்லும் ‘ஸ்டார்ட்’, ஓர் உருப்படிக்குத் தனி எண் தரும் ‘வேல்யூ’, எண்ணின் வகையைக் குறிக்கும் ‘டைப்’ ஆகிய மூன்று பண்புக்கூறுகளையும் கைவிடத்தக்கவை என ஒதுக்கியது. உள்ளடக்கம் எச்டிஎம்எல்லில், தோற்றம் சிஎஸ்எஸ்ஸில் என்ற பிரிவினை அப்போது புதிது. புதிய கொள்கையின் வேகத்தில் கோடு சற்றே தள்ளி விழுந்துவிட்டது. 2014இல் பரிந்துரையான எச்டிஎம்எல்5 அந்த மூன்றையும் திரும்ப அழைத்துக்கொண்டது. பட்டியலைத் தலைகீழாக எண்ணும் ‘ரிவர்ஸ்டு’ என்ற நான்காவதையும் சேர்த்தது. எண்ணின் வகையைச் சொல்லும் ‘டைப்’கூட, உருப்படிகளை அவற்றின் எண்ணையோ எழுத்தையோ சொல்லிச் சுட்டவேண்டிய ஆவணங்களில் பொருளுடையது என்பது இன்றைய தரநிலையின் நிலைப்பாடு. அதாவது, கருத்தை முன்மொழிந்தவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதைக் கேட்டுப் பழகியவர்கள்தாம் இன்னும் விடவில்லை.

திரும்பப் பெற்றதற்குக் காரணம் தெளிவானது. ‘நான்காம் படியில் எடுத்துவைத்த கலவையைச் சேர்க்கவும்’ என்று சமையல் குறிப்பு சொல்லும்போது நான்கு என்பது ஒரு முகவரி. ஒப்பந்தத்தில் ‘7(இ) பிரிவுக்கு உட்பட்டு’ என்று வந்தால் அந்த ‘இ’ அழிந்தால் பொருளும் அழிகிறது. தேர்வுத்தாளில் விடைக்குறிப்பு ‘ஆ’ என்று சொல்ல, பட்டியல் ‘2’ என்று காட்டினால் மாணவர் குழம்புவார். எண்ணின் நிறம், பருமன், எழுத்துரு ஆகியவை தோற்றம். அது எந்த எண் என்பதும், சுட்டப்படும் ஆவணங்களில் அது எந்த வகை எண் என்பதும் உள்ளடக்கம். வழக்கமான பாடம் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி நடைதாளில் போட்டுவிடுகிறது.

இரண்டாவது நம்பிக்கைக்கு வரலாற்று நியாயம் உண்டு. 1996 டிசம்பரில் வெளியான சிஎஸ்எஸ் முதல் பதிப்பிலேயே லிஸ்ட்-ஸ்டைல்-டைப் இருந்தது. பத்தடிமான எண், ரோமன் எண், லத்தீன் எழுத்து, மூன்று வகைப் புள்ளிகள் என்று ஒரு சிறு தொகுப்பு. வகையைத் தேர்ந்தெடுக்கலாம், எண்ணை மட்டும் தனியாகத் தொட முடியாது. 1998இன் இரண்டாம் பதிப்பு, போலி உறுப்பைக் குறியாக மாற்றும் ஒரு ‘டிஸ்ப்ளே’ மதிப்பை முன்வைத்தது. உலாவிகள் அதை ஏற்காததால் 2.1 பதிப்பில் அது நீக்கப்பட்டது. எண் சிவப்பாகவும் உரை கறுப்பாகவும் இருக்க வேண்டும் என்றால், எல்ஐ முழுவதையும் சிவப்பாக்கிவிட்டு, உள்ளே உரையை ஒரு ஸ்பானில் பொதிந்து அதைக் கறுப்பாக்கும் வேடிக்கை அந்தக் காலத்து வழக்கம். அதோடு ஒப்பிட்டால் கவுன்ட்டரும் ‘பிஃபோரும்’ நாகரிகமான தீர்வுதான். அன்று அதைக் கற்பித்தவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

இதே காலத்தில் தளத்தின் பட்டிகளை யூஎல் பட்டியலாகக் குறியிடும் பழக்கமும் பரவியது. பட்டியில் புள்ளிகள் வேண்டாம் என்பதால் ‘நன்’ அங்கே தேவைப்பட்டது. எரிக் மேயரின் புகழ்பெற்ற ரீசெட் நடைதாள் ஓஎல், யூஎல் இரண்டிலிருந்தும் குறிகளை ஒருசேர நீக்கியது. இன்று பரவலாகப் புழங்கும் டெயில்வின்ட் என்ற சிஎஸ்எஸ் சட்டகத்தின் ‘ப்ரீஃப்ளைட்’ அடித்தளமும் அதையே செய்கிறது. ஆக, பட்டிக்காக வந்த விதி கட்டுரைக்குள்ளும் சட்டப்பக்கத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. எண்ணை நீக்கியவர் யார் என்றே தெரியாத நிலையில் பக்கத்தை எழுதுபவர் ‘எண் வரவில்லையே’ என்று தேடுகிறார்; கிடைக்கும் விடையோ மீண்டும் கவுன்ட்டர்.

நிலைமையை மாற்றியது ‘மார்க்கர்’ போலி உறுப்பு. 2019 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ் 68, 2020 அக்டோபரில் குரோம் 86 ஆகியவை அதை ஏற்றன. சஃபாரி நிறம், எழுத்துரு என்ற அளவில் 2018இலேயே ஏற்றிருந்தது. எல்ஐயின் மார்க்கருக்கு நிறத்தைக் கொடுத்தால் எண் மட்டும் நிறம் மாறுகிறது. எழுத்துருவின் குடும்பம், பருமன், அளவு, சாய்வு எல்லாம் அப்படியே. ஒரே வரி போதும். பாடங்களில் எட்டு, பத்து வரிகளில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி இதுதான் என்பதால் இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நுட்பம் மட்டும் குறிப்பிடத்தக்கது. எழுத்துருவில் வசதி இருந்தால் மார்க்கரின் இலக்கங்கள் சம அகலத்தில் வரவேண்டும் என்று உலாவியின் இயல்பு நடைதாளே கேட்கிறது. வெளிநிலையில் நிற்கும் எண் உரையை ஒட்டி முடிவதால் 9, 10, 100 என்று இலக்கம் கூடும்போது எண் எதிர்ப்புறமாக வளர்கிறது. புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. ‘பிஃபோரில்’ எழுதிய எண்ணுக்கு இந்த இரண்டையும் எழுதுபவரே செய்துகொள்ள வேண்டும். செய்பவர் குறைவு, பத்தாவது உருப்படியில் உரை அரை எழுத்து தள்ளி நிற்பதைப் பல தளங்களில் பார்க்கலாம்.

மார்க்கருக்கு இடைவெளி தர முடியாது என்று இங்கே எதிர்வாதம் வரும். மார்க்கர் தன்மேல் திணிப்பையோ ஓரத்தையோ ஏற்காது என்பது சரியே. ஆனால் எண்ணுக்கும் உரைக்கும் நடுவே இடம் வேண்டுமானால் எல்ஐயின் தொடக்கப் பக்கத்தில் ‘பேடிங்’ கொடுத்தால் போதும். பட்டியல் முழுவதும் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்பதை ஓஎல்லின் ‘பேடிங்’ தீர்மானிக்கிறது. உலாவிகள் இயல்பாக அதை 40 பிக்சலாக வைத்திருக்கின்றன. பெரிய எழுத்தில் மூன்று இலக்க எண்கள் வரும் பட்டியலுக்கு அது போதாது. எண்ணின் தலை வெட்டுப்படும். அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் இந்தச் சிக்கலுக்கும், எண்ணையே அகற்றிவிடுவதுதான் மருந்தாகச் சொல்லப்படுகிறது.

மூன்றாவது நம்பிக்கையில்தான் உண்மையான சேதம் இருக்கிறது. உலாவி ஒவ்வொரு பட்டியலுக்கும் ‘லிஸ்ட்-ஐட்டம்’ என்ற கவுன்ட்டரைத் தானாகவே நடத்துகிறது. ஸ்டார்ட், வேல்யூ, ரிவர்ஸ்டு ஆகிய பண்புக்கூறுகள் அந்தக் கவுன்ட்டரோடுதான் பேசுகின்றன. எழுதுபவர் ‘படி’ என்றோ ‘எண்’ என்றோ பெயரிட்டுத் தொடங்கும் புதிய கவுன்ட்டருக்கு அந்தப் பண்புக்கூறுகள் இருப்பதே தெரியாது. செய்முறை ஒன்று ஐந்து படிகளுக்குப் பிறகு ஒரு படத்துக்காகவோ எச்சரிக்கைக்காகவோ இடைநிற்கிறது, அடுத்த ஓஎல் ஆறிலிருந்து தொடங்க வேண்டும் என்று கொள்வோம். ஸ்டார்ட் பண்புக்கூறில் 6 என்று எழுதினால் உலாவியின் எண் 6 என்று காட்டும். சொந்தக் கவுன்ட்டரோ 1 என்று காட்டும். அதைச் சரிசெய்ய நடைதாளில் ஐந்திலிருந்து கவுன்ட்டரை மீட்டமைக்கிறார்கள். இப்போது திரையில் 6 வருகிறது. ஆனால் எச்டிஎம்எல்லைப் பொறுத்தவரை அது முதல் உருப்படி. வாசிப்பு நிலையில் பக்கத்தைத் திறப்பவருக்குத் தளத்தின் நடைதாள் கழன்றுவிடுகிறது; உலாவியின் எண் மீண்டும் தோன்றுகிறது; ஆறாம் படி ஒன்றாம் படியாகிறது. ‘ஆறாம் படியைப் பார்க்க’ என்று உரைக்குள் எழுதியிருந்தால் அந்த வாசகருக்கு அது எங்கேயும் இல்லாத படி.

தரவரிசையில் இது இன்னும் மோசம். இருவர் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டால் அடுத்தவர் நான்காமிடம். மூன்றாவது எல்ஐக்கு வேல்யூ 2, அதற்கடுத்ததற்கு வேல்யூ 4 என்று எழுதினால் உலாவி 1, 2, 2, 4 என்று சரியாக எண்ணும். சொந்தக் கவுன்ட்டர் சலனமில்லாமல் 1, 2, 3, 4 என்று அச்சிட்டு, சமமானவர்களில் ஒருவரை ஓரிடம் கீழே இறக்கிவிடும். பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கும் பட்டியலில் ‘ரிவர்ஸ்டு’ என்ற ஒரு சொல்லே போதும். உருப்படிகள் எத்தனை என்பதை உலாவி எண்ணிக்கொள்ளும். சொந்தக் கவுன்ட்டரில் பதினொன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். பிறகு யாராவது ஓர் உருப்படியைச் சேர்த்தால் பட்டியல் பூஜ்யத்தில் முடியும்.

கவுன்ட்டரும் வேண்டாம், எண்ணை நேரே ஸ்பானுக்குள் தட்டச்சு செய்துவிடுவோம் என்பவர்களும் உண்டு. வாசிப்பு நிலையில் அவர்களுடைய பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: உலாவி இட்டது ஒன்று, அவர்கள் இட்டது ஒன்று. நடுவே ஒரு படியைச் சேர்த்தால் அதற்குப் பின்வரும் எல்லா எண்களையும் கையால் திருத்த வேண்டும் என்பது வேறு. திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு இழப்பு. சஃபாரி உலாவியில், குறிகள் நீக்கப்பட்டு வேறு குறியும் தரப்படாத பட்டியலை ‘வாய்ஸ்ஓவர்’ திரைவாசிப்பான் பட்டியலாக அறிவிப்பதில்லை. தளத்தின் பட்டி போன்ற இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பட்டியல் என்று சொல்லாவிட்டால் மொத்தம் எத்தனை உருப்படிகள், இப்போது எத்தனையாவது என்ற தகவலும் போய்விடுகிறது. இது வழு அன்று. தோற்றத்துக்காக எதையும் பட்டியலாகக் குறியிடும் பழக்கத்தைச் சமாளிக்க சஃபாரியின் உலாவி இயந்திரமான வெப்கிட் வேண்டுமென்றே எடுத்த முடிவு. இதற்கு மாற்றாக ‘ரோல்’ பண்புக்கூறில் ‘லிஸ்ட்’ என்று எழுதும்படி டெயில்வின்டின் ஆவணமே அறிவுறுத்துகிறது. ஓஎல் என்றாலே பட்டியல்தான். அதைப் பட்டியல் என்று இன்னொருமுறை சொல்ல வேண்டிய நிலைமையை ‘நன்’ உண்டாக்குகிறது.

எண்ணின் முன்னும் பின்னும் வேறு எழுத்துகள் வேண்டும், அதற்காகவாவது ‘பிஃபோர்’ தேவை என்று சொல்லப்படுவதுண்டு. இதற்கு மறுமொழி ‘கவுன்ட்டர்-ஸ்டைல்’ விதி. ஃபயர்ஃபாக்ஸ் இதை 2014இலேயே ஏற்றது; குரோம் 2021இல், சஃபாரி 2023இல். உள்ள எண்முறையை விரிவாக்கி, முன்னொட்டாகப் ‘படி’ என்ற சொல்லையும் பின்னொட்டாக முக்காற்புள்ளியையும் தந்தால் ‘படி 1:’, ‘படி 2:’ என்று பட்டியல் எழும். அது உலாவியின் சொந்த எண். ஆகவே ஸ்டார்ட், வேல்யூ, ரிவர்ஸ்டு எல்லாவற்றுக்கும் அது கட்டுப்படும். இந்த முன்னொட்டும் பின்னொட்டும் மார்க்கரில் மட்டுமே தோன்றும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே எண்முறையைக் ‘கவுன்ட்டர்’ சார்பின்வழி வேறிடத்தில் அழைத்தால் வெறும் எண்தான் வரும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த விதி கூடுதலாகப் பயன்படும். தமிழ்ப் பக்கங்களில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. ‘தமிழ்’ என்ற பெயரில் ஓர் எண்முறை தரநிலையிலேயே உள்ளது. லிஸ்ட்-ஸ்டைல்-டைப்புக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் ௧, ௨, ௩ என்று எண்கள் வரும். ஆனால் அது இடமதிப்பு முறை: பத்து ௧௦ என்றும் நூறு ௧௦௦ என்றும் எழுதப்படும். பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. பூஜ்யத்துக்குக் குறி இல்லை. தமிழ்ப் பூஜ்யமே யூனிகோடில் 2005இல்தான் இடம்பெற்றது. பழைய முறை வேண்டுமென்றால் ‘அடிட்டிவ்’ என்ற கூட்டல் முறையில் ஒரு கவுன்ட்டர்-ஸ்டைல் எழுதிக்கொள்ளலாம். ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்ற நான்கு நிலைகளுக்கும் ஒன்பது ஒன்பதாக 36 மதிப்புகளைக் கொடுத்தால் 1 முதல் 9999 வரை அடங்கிவிடும்: 11 என்பது ௰௧, 20 என்பது ௨௰, 125 என்பது ௱௨௰௫, 2345 என்பது ௨௲௩௱௪௰௫. அந்த வரம்பை ‘ரேஞ்ச்’ என்ற விவரிப்பில் குறித்துவிட்டால், அதைத் தாண்டும்போது உலாவி தானாகவே வழக்கமான எண்ணுக்குத் திரும்பிவிடும். சொந்தக் கவுன்ட்டர் என்ற பழைய பாடத்தில் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இன்று எண்கள் அரபு இலக்கங்களாகவே எழுதப்படுவதால் இது அரிதாகத் தேவைப்படலாம். நாள்தோறும் தேவைப்படுவது அ, ஆ, இ என்ற வரிசை. தமிழில் வரும் சட்டங்களின் உட்பிரிவுகள், தேர்வுத்தாளின் கொள்குறி விடைகள் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. அதற்குத் தரநிலையில் ஆயத்தப் பெயர் இல்லை. இல்லை என்றதும் (அ), (ஆ) என்று கையால் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் வரிசையாகத் தந்து, முன்னொட்டாகத் திறப்படைப்பையும் பின்னொட்டாக மூடடைப்பையும் ஓர் இடைவெளியையும் சேர்த்தால் எண்முறை ஆயத்தம். எழுதும்போது முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஔ முடிந்த பின் என்ன? ‘அல்ஃபபெட்டிக்’ முறை என்றால் பதின்மூன்றாவது உருப்படி (அஅ) ஆகும். ‘ஃபிக்ஸ்டு’ முறை என்றால் அடுத்தது 13 என்ற எண்ணாக வரும். தமிழ்ச் சட்ட வழக்கில் ‘அஅ’ என்பது இடையில் செருகிய பிரிவோ என்ற ஐயத்தைத் தரக்கூடியது என்பதால் இரண்டாவதே பாதுகாப்பானது. விடை நான்கே வரும் தேர்வுத்தாளுக்கு எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான். இந்த விதியை அறியாத பழைய உலாவியில் அ, ஆ போய் 1, 2 வரும். வரிசையும் பட்டியலும் பிழைத்திருக்கும். எண்ணால் சுட்டப்படும் ஆவணமாக இருந்தால் அந்த ஆபத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்பின் கையில் இன்னும் மிஞ்சியிருப்பவை சில. நிறம் நிரப்பிய வட்டத்துக்குள் எண், கட்டமிட்ட எண், உரைக்குப் பின்னால் பேருருவில் மங்கலாக நிற்கும் எண் ஆகியவற்றை மார்க்கரால் தர முடியாது; பின்னணி, கரை, அகலம் எதையும் அது ஏற்பதில்லை. 2.1, 2.2 என்று மேல்நிலை எண்ணையும் சேர்த்துக் காட்டும் உள்ளடுக்குப் பட்டியலுக்கு மார்க்கரின் ‘கன்டென்ட்’ பண்பு தேவை. அதைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்கின்றன. சஃபாரியை நம்பி அதில் இறங்க முடியாது. இத்தகைய இடங்களில் ‘பிஃபோர்’ நியாயமானதே. அங்கும் புதிய கவுன்ட்டர் ஒன்றைப் பெற்றெடுக்கத் தேவையில்லை. ‘பிஃபோருக்குள்’ உலாவியின் ‘லிஸ்ட்-ஐட்டம்’ கவுன்ட்டரையே அழைத்தால் தொடக்க எண்ணும் தலைகீழ் வரிசையும் எச்டிஎம்எல்லில் எழுதியபடியே வரும். எல்ஐயை மட்டும் ‘ஃப்ளெக்ஸ்’ ஆகவோ ‘கிரிட்’ ஆகவோ மாற்றிவிடக் கூடாது. அது பட்டியல் உருப்படி என்ற நிலையை இழந்ததும் குறியும் மறையும், எண்ணிக்கையும் நிற்கும். உள்ளே ஒரு டிவ் வைத்து அடுக்குவதை அதில் செய்துகொள்ளலாம்.

எண்ணே பெயராகிவிட்ட இடம் தனி. இந்திய அரசமைப்பில் 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் கல்வி உரிமைக்கான உறுப்பைச் சேர்த்தபோது, அதற்குப் பின்வரும் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிடவில்லை; புதியது 21ஏ ஆனது. வேல்யூ பண்புக்கூறு முழு எண்களை மட்டுமே ஏற்கும் என்பதால் 21ஏ என்பதை உலாவியின் எண்ணாக எழுத வழியில்லை. மார்க்கரிலும் ‘பிஃபோரிலும்’ உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கவும் முடியாது. சட்ட உறுப்பின் எண்ணை நகலெடுக்க முடியாமல் போவது வழக்கறிஞருக்கு உதவாது. இங்கே எண் உரைக்குள் எழுத்தாக இருப்பதே சரி. உலாவியின் எண்ணை நீக்கவும் வேண்டும். ஆனால் இதற்குக் காரணம் எண் வெறும் தோற்றம் என்பதன்று. அது தோற்றத்திலிருந்து மிகவும் விலகி, உறுப்பின் பெயராகவே ஆகிவிட்டது என்பதுதான்.

எஞ்சுவது ரீசெட் நடைதாள். பட்டிகளில் புள்ளி வேண்டாம் என்ற தேவை இன்றும் உண்டு. ‘நேவ்’ உறுப்புக்குள் இருக்கும் பட்டியல்களுக்கு மட்டும் ‘நன்’ என்று தேர்வியை இறுக்கினால் அது நிறைவேறும். அங்கே வாய்ஸ்ஓவரும் பட்டியலைப் பட்டியலாகவே வைத்துக்கொள்கிறது. டெயில்வின்ட் போன்ற அடித்தளம் எல்லாவற்றையும் முன்பே நீக்கியிருந்தால், கட்டுரைப் பகுதியின் ஓஎல்லுக்கு ‘டெசிமல்’ என்ற மதிப்பையும் போதிய ‘பேடிங்’கையும் திரும்பக் கொடுத்து, அதன் மார்க்கருக்கு வேண்டிய நிறத்தை எழுதலாம். மொத்தம் மூன்று அறிவிப்புகள்.